உதிராத இலையின் விலை

சித்திரை மாதத்து நடுப்பகலில், சேலத்திலிருந்து நாமக்கல் போகும் நான்கு வழிச் சாலையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வந்தது. நான் வந்த பேருந்தின் டயர் வெடித்திருந்தது. சாலையோரப் புல் காய்ந்து வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. ஒரு வெள்ளாட்டு மந்தை வேலமரத்தின் தாழ்ந்த கிளைகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. விரல் நீள முட்களுக்கு நடுவே உதட்டை நுழைத்துத் தழையைப் பறிக்கிற வாய்கள் அவை. அங்கிருந்து சற்றுத் தள்ளி, சாலையின் நடுத்திட்டில், ஆள் மார்பளவு உயரத்தில் கரும்பச்சையாக ஒரு செடி வரிசை நின்றது. கிளை நுனியெல்லாம் இளஞ்சிவப்புப் பூ. முள் இல்லை, வேலி இல்லை. சாலையைக் கடந்து திட்டின்மேல் ஏறிவிட்ட இரண்டு குட்டிகள்கூட அதை முகர்ந்து பார்த்துவிட்டு இறங்கி வந்தன.

“ஏனுங்க, அதை மட்டும் தொட மாட்டேங்குதே?” என்று ஆடு மேய்ப்பவரிடம் கேட்டேன்.

“அரளிங்க அது. பசிச்சாலும் வாய் வெக்காது. வெட்டிப் போட்டுக் காஞ்ச தழையாக் கெடந்தாத்தானுங்க பயம். தெரியாமத் தின்னுபோடும்” என்றார்.

அந்தப் பதிலில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. சுற்றியுள்ள எல்லாம் கருகிய வெயிலில் இது மட்டும் எப்படிப் பச்சையாக நிற்கிறது? இத்தனை பச்சையாக நிற்பதை ஏன் ஒருவரும் தின்னவில்லை? இவை இரண்டு தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றும். அரளியை நெருங்கிப் பார்த்தால், முதல் கேள்விக்கான விடையிலிருந்தே இரண்டாவதின் விடை கிளைப்பது தெரியும்.

பெயர்களும் உறவுகளும்

அரளி, அலரி, கணவீரம், கரவீரம் என்று பல பெயர்களில் நாம் அறிந்த இந்தப் புதரின் அறிவியல் பெயர் நீரியம் ஒலியாண்டர். 1753இல் லின்னேயஸ் வைத்த பெயர். செவ்வரளி, வெள்ளரளி, இளஞ்சிவப்பு அரளி, அடுக்கரளி ஆகிய எல்லாம் ஒரே இனத்தின் வகைகள்தான். நீரியம் என்ற பேரினத்தில் இந்த ஓர் இனத்தைத் தவிர வேறு இல்லை.

மஞ்சள் அரளி வேறு. கோயில் நந்தவனங்களிலும் வீட்டு வாசல்களிலும் மணி வடிவப் பூவோடு நிற்கும் அது நடு அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த தனி இனம். தெவீஷியா என்ற பழைய பேரினப் பெயரால் நூல்களில் குறிக்கப்படும். “அரளி விதை” என்று நாம் அஞ்சிச் சொல்வது பெரும்பாலும் இந்த மஞ்சள் அரளியின் விதையைத்தான். ஒலிப்பு ஒற்றுமையால் இன்னொரு செடியும் இந்தப் பெயர்க்கூட்டத்தில் சேர்ந்துவிட்டது. கொழும்பில் இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லத்தைத் தமிழில் அலரி மாளிகை என்கிறோம். சிங்களத்தில் அரலிய என்பது நாம் ஈழத்தலரி, பெருங்கள்ளி என்றெல்லாம் சொல்லும் வெள்ளைப்பூ மரத்தின் பெயர். மூன்றும் ஒரே குடும்பம். நித்தியகல்யாணியும் எருக்கும்கூட இதே குடும்பத்தைச் சேர்ந்தவைதான். ஆனாலும் ஒன்றைப் பற்றி அறிந்ததை மற்றொன்றின்மேல் ஏற்றிப் பேசக் கூடாது. இந்த அத்தியாயத்தில் அரளி என்றால் நீரியம் மட்டுமே.

அதன் பூர்விகம் மத்தியதரைக் கடலோரம் தொடங்கி மேற்காசியா வழியாக நம் துணைக்கண்டம் வரையும் அதற்கு அப்பாலும் விரிந்த நிலம். அங்கே அரளி தானாக முளைக்கும் இடம் எது என்பதுதான் இந்தச் செடியின் வரலாற்றுக்குத் திறவுகோல். அது காட்டாற்றுப் படுகைகளின் செடி. மொராக்கோவிலும் ஜோர்டானிலும் ஆண்டின் பெரும்பகுதி வெறும் கூழாங்கல்லாகக் கிடக்கும் ஆற்றுத் தடங்களில், கல்லிடுக்கில் வேர் விட்டு வரிசை வரிசையாகப் பூத்து நிற்கும். மழை வந்தால் சில மணி நேரம் வெள்ளம் புரட்டும். பிறகு மாதக்கணக்கில் மேலே கொளுத்தும் வெயில், ஆழத்தில் மட்டும் கொஞ்சம் ஈரம். வெள்ளத்துக்கு வளைந்து கொடுக்கும் தண்டு, ஆழத்து ஈரத்தைத் தேடும் வேர், வெயிலைத் தாங்கும் இலை ஆகிய மூன்றும் இருந்தால்தான் அங்கே பிழைக்க முடியும்.

இலைக்குள் ஒரு குகை

தமிழ்நாட்டில் தாவரவியல் படித்த எவருக்கும் அரளி இலை பழைய சிநேகிதம். வறள்நிலத் தாவரத்துக்கு எடுத்துக்காட்டாக ஆய்வக மேசைக்கு வருவது இதுதான். நானும் பிளேடால் அதைச் சீவியிருக்கிறேன். இலையை அப்படியே வெட்டினால் நழுவும். கேரட் துண்டைப் பிளந்து நடுவில் இலையைச் செருகி, இரண்டையும் சேர்த்து மெல்லிய சீவல்களாக எடுக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தில் மிதக்கும் சீவல்களில் மிக மெல்லியதைத் தூரிகையால் எடுத்து, சாஃப்ரனின் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியின் கீழ் தள்ளுவோம்.

முதலில் தெரிவது மேல்பக்கத்துத் தடித்த மெழுகுப் படலம். அதற்குக் கீழே புறத்தோல். பெரும்பாலான இலைகளில் ஒரே அடுக்காக இருக்கும் அந்தத் தோல், இதில் இரண்டு மூன்று அடுக்காக நெருக்கிக் கட்டிய செங்கல் சுவர்போல இருக்கும். அதன் கீழே பச்சையம் நிறைந்த செல்கள். இதுவரை ஒரு கெட்டியான இலை, அவ்வளவுதான். தகட்டை மெதுவாக நகர்த்திக் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கும்போதுதான் வியப்பு வரும். அடித்தோல் ஆங்காங்கே உள்நோக்கிக் குழிந்து குடைவறைபோல ஒரு பள்ளமாகிறது. பள்ளத்தின் சுவரிலிருந்து நுண்ணிய மயிர்கள் வாசலை மறைத்தபடி நீட்டிக்கொண்டிருக்கின்றன. இலைத்துளைகள் அந்தப் பள்ளத்துக்குள், மயிர்களின் மறைவில்தான் இருக்கின்றன. பள்ளத்துக்கு வெளியே, காற்று நேராகப் படும் தோலில் அவை இல்லை.

ஏன் இந்தக் குகை? இலைக்கு ஓர் இக்கட்டு உண்டு. ஒளிச்சேர்க்கைக்குக் கரியமில வாயு வேண்டும். அது நுழைய இலைத்துளை திறந்திருக்க வேண்டும். துளை திறந்தால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். வெளியே உலர்ந்த காற்று வேகமாக வீசினால் ஈரம் இன்னும் வேகமாகப் போகும். துளையைப் பள்ளத்துக்குள் வைத்து வாசலில் மயிர்த்திரை போட்டால், பள்ளத்துக்குள் காற்று அசையாமல் நிற்கும். அங்கே ஈரம் தங்கும். வாய்க்கு நேராகத் துணியைக் கட்டிக்கொண்டு அனல்காற்றில் நடப்பவர் செய்வதைப் போன்ற ஏற்பாடு இது.

இலையின் உடற்கட்டோடு அதன் வேதியியலும் வெயிலுக்கு ஏற்ப மாறுகிறது. 1982இல் வெளியான பேட்ஜர், பியோர்க்மன், ஆர்மண்ட் ஆகியோரின் ஆய்வு அரளியைக் குளிர்ந்த சூழலிலும் கடும் வெப்பத்திலும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தது. வெப்பத்தில் வளர்ந்த செடியின் இலைகள் உயர்ந்த வெப்பத்திலும் தளராமல் ஒளிச்சேர்க்கை செய்தன. குளிரில் வளர்ந்தவை குளிரில் சிறப்பாக இயங்கின. ஒரே இனம், வளரும் இடத்தின் வெப்பத்துக்கு ஏற்பத் தன் ஒளிச்சேர்க்கைக் கருவிகளையே திருத்தி அமைத்துக்கொள்கிறது. சென்னையின் கத்திரி வெயிலிலும் ரோமாபுரியின் இளவெயிலிலும் ஒரே செடி பூப்பதன் அடிப்படை இங்கே இருக்கிறது.

வரவும் செலவும்

இப்போது ஆடுகளிடம் திரும்புவோம். தடித்த மெழுகு, பல அடுக்குத் தோல், குடைந்த பள்ளங்கள் எல்லாம் சும்மா வந்துவிடாது. ஒவ்வொன்றுக்கும் செடி சர்க்கரையையும் தாதுக்களையும் செலவழிக்க வேண்டும். தாவரங்கள் இலைக்குச் செய்யும் இந்தச் செலவுக் கணக்கை 2004இல் ஒரு பன்னாட்டு அறிவியலாளர் குழு உலகளவில் தொகுத்து நேச்சர் இதழில் வெளியிட்டது. 175 இடங்களிலிருந்து 2,548 தாவர இனங்களின் இலைகளை ஒப்பிட்ட அந்த ஆய்வு காட்டிய ஒழுங்கு எளிமையானது. மலிவாகக் கட்டிய மெல்லிய இலைகள் வேகமாக உழைத்துச் சீக்கிரம் உதிர்கின்றன. அதிகம் செலவழித்துக் கட்டிய கெட்டி இலைகள் மெதுவாக உழைத்து நீண்ட நாள் வாழ்கின்றன. அப்படி வாழ்ந்தால்தான் போட்ட முதல் திரும்பும்.

அரளி இரண்டாவது வகை. கோடையில் இலையை உதிர்த்துவிட்டு மழைக்குக் காத்திருக்கும் வழியை அது எடுக்கவில்லை. இலையை வைத்துக்கொண்டே கோடையைக் கடக்கிறது. ஆனால் வைத்துக்கொண்ட இலை எல்லார் கண்ணிலும் படும். சுற்றுவட்டாரத்தில் வேறு பச்சை இல்லாத மாதங்களில், ஆடு, மாடு, மான், வெட்டுக்கிளி, புழு என எல்லாப் பசியும் அந்த ஒரே பச்சையை நோக்கி வரும். விலையுயர்ந்த இலையைப் பசிக்குக் கொடுத்துவிட்டால் செடி திவால். எனவே உதிராத இலைக்குக் காவல் வேண்டும். வேலமரம் முள்ளைக் காவலுக்கு வைத்தது. அரளி நஞ்சை வைத்தது.

இதயத்தைத் தொடும் மூலக்கூறு

அரளியின் வேர், தண்டு, இலை, பூ, விதை என்று எல்லாப் பாகத்திலும் இதய கிளைக்கோசைடுகள் எனப்படும் சேர்மங்கள் உள்ளன. அவற்றில் முதன்மையானது ஒலியாண்ட்ரின். காய்ந்தாலும் கொதித்தாலும் நஞ்சு போய்விடாது. ஆடு மேய்ப்பவர் சொன்ன எச்சரிக்கையின் காரணம் அதுதான்: பச்சை இலையின் கசப்பு விலங்கை விரட்டும், காய்ந்த தழை தீவனத்தோடு கலந்துவிட்டால் கசப்பு எச்சரிக்கும் முன்பே நஞ்சு வயிற்றுக்குள் போய்விடும்.

இந்த நஞ்சு தாக்கும் இடம் மிகவும் துல்லியமானது. நம் ஒவ்வொரு செல்லின் உறையிலும் சோடியம்–பொட்டாசியம் பம்புகள் இருக்கின்றன. 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க் அறிவியலாளர் யென்ஸ் ஸ்கௌவுக்கு 1997இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பம்ப் ஒவ்வொரு சுழற்சியிலும் மூன்று சோடியம் அயனிகளை வெளியே இறைத்து இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே எடுக்கிறது. நாம் சும்மா படுத்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இந்த இறைப்புக்கே போகிறது. நரம்பு செய்தி அனுப்புவதும் இதயம் சீராகத் துடிப்பதும் இதனால்தான்.

ஒலியாண்ட்ரின் அந்தப் பம்பின் வெளிப்பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்திவிடுகிறது. செல்லுக்குள் சோடியம் தேங்குகிறது. சோடியம் தேங்கினால் கால்சியத்தை வெளியேற்றும் ஏற்பாடும் தடைபடுகிறது. இதயத் தசையில் கால்சியம் கூடினால் அது வழக்கத்தைவிட அழுத்தமாகச் சுருங்கும். அளவு மீறினால் துடிப்பின் தாளமே கலைந்துபோகும். இரத்தத்தில் பொட்டாசியமும் ஏறும்.

மருந்தும் நஞ்சும் இங்கே எத்தனை நெருக்கம் என்று பாருங்கள். இதே வகைச் சேர்மம் கொண்ட ஃபாக்ஸ்குளோவ் செடியைப் பற்றி 1785இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங் ஒரு நூல் எழுதினார். அந்த வழியில் வந்த டிஜாக்சின் இன்றும் இதய நோயாளிகளுக்குத் தரப்படும் மருந்து. அதிலும் பயன்தரும் அளவுக்கும் கெடுதிசெய்யும் அளவுக்கும் இடையே உள்ள தூரம் சிறியது என்பதால், இரத்தத்தில் அளவு பார்த்தே கொடுக்கிறார்கள். அரளியிலோ இலைக்கு இலை, செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் நஞ்சின் அளவு மாறும். எனவே அரளி இலையை அரைத்துக் குடிப்பது மருத்துவம் ஆகாது. ஒலியாண்ட்ரினை வைத்துப் புற்றுநோய் செல்கள்மேல் ஆய்வகங்களில் ஆராய்ச்சி நடக்கிறது; மக்களுக்குக் கொடுக்கும் மருந்தாக அது இன்னும் வரவில்லை. சித்த மருத்துவத்திலும் அரளியை நச்சு மூலிகையாகவே வைத்திருக்கிறார்கள். அதைக் கையாள்வது பயின்ற மருத்துவரின் வேலை. வீட்டு அம்மிக்கல்லில் வைக்க வேண்டியது இல்லை.

யாராவது அறியாமல் தின்றுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே. உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது, மோர் கொடுப்பது என்று நேரத்தைக் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். எந்தச் செடி என்று காட்ட ஒரு கொப்பையும் பையில் போட்டு எடுத்துப் போனால் நல்லது. டிஜாக்சினுக்கு எதிராகச் செம்மறியாட்டில் உருவாக்கப்படும் நோயெதிர்ப்பு மூலக்கூறுகள் இந்த நஞ்சையும் பிடித்து முடக்குகின்றன. மஞ்சள் அரளி நஞ்சால் பாதிக்கப்பட்டவர்களிடம் இலங்கையில் நடந்த மருத்துவ ஆய்வு அதன் பலனை நிறுவியது. 2000இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. விலை அதிகம் என்பதால் ஏழை நாடுகளின் எல்லா மருத்துவமனைகளுக்கும் அது எட்டாமலிருப்பது நம் காலத்தின் வருத்தங்களில் ஒன்று.

காவலைக் கடந்தவர்கள்

எந்தக் காவலுக்கும் ஒரு சந்து உண்டு. அரளியின் இளங்கொழுந்தைப் பார்த்தால் சில நேரம் மஞ்சள் மணிகளைத் தூவியதுபோல அசுவினிகள் அப்பிக்கிடக்கும். கால்கள் கறுப்பு, உடல் பளீர் மஞ்சள். இந்த அசுவினி அரளிச் சாற்றை உறிஞ்சி அதன் நஞ்சைத் தன் உடலில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்த மஞ்சள் நிறம் தன்னைத் தின்ன வருபவர்களுக்கு விடும் அறிவிப்பு.

இரவில் அரளி அந்துப்பூச்சி வரும். பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பளிங்குக் கல்போலக் கோலமிட்ட இறக்கை அதற்கு. அதன் புழு விரல் பருமனுக்கு வளரும். தொட்டால் தலையை உள்ளிழுத்து, முதுகிலுள்ள இரண்டு நீலக் கண் அடையாளங்களை விரித்துக் காட்டும். இந்தப் புழுவின் சோடியம் பம்ப் நஞ்சால் பாதிக்கப்படக்கூடியதுதான். ஆனால் அதன் நரம்பு மண்டலத்தைச் சுற்றியுள்ள உறை நஞ்சை உள்ளே விடுவதில்லை என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். எருக்கின் குடும்பத்துச் செடிகளை உண்டு வளரும் மோனார்க் வண்ணத்துப்பூச்சி வேறு வழியைப் பிடித்தது. அதன் பம்பின் புரதத்திலேயே சில அமினோ அமிலங்கள் மாறி, நஞ்சு ஒட்ட முடியாதபடி ஆகிவிட்டது. ஒரே பூட்டை ஒருவர் சாவி செய்து திறந்தார், இன்னொருவர் சுவரேறிக் குதித்தார் என்பதுபோல.

நம் தோட்டங்களில் அரளி இலையின் அடியில் வெள்ளிபோல் மின்னும் ஒரு கூட்டுப்புழு தொங்கினால் அதைப் பிய்த்துப் போட்டுவிடாதீர்கள். வெண்புள்ளிக் கருப்பன் வண்ணத்துப்பூச்சி அதிலிருந்து வெளிவரும். நஞ்சுச் செடி என்று நாம் ஒதுக்கும் அரளி, அதற்குத் தாய்வீடு.

தேனில்லாத பூ

அரளிப்பூ ஒன்றை எடுத்து உள்ளே பாருங்கள். ஐந்து இதழ்களும் அடியில் குழலாகச் சேர்ந்திருக்கும். குழலின் வாயில் கிழித்துவிட்ட பட்டுத் துணியின் ஓரம்போல ஒரு விளிம்பு. நடுவில் மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பாக நிற்க, அவற்றின் நுனியிலிருந்து பஞ்சு இழைகள் முறுக்கிக்கொண்டு மேலே வரும். இத்தனை அலங்காரத்துக்குப் பிறகும் குழலின் அடியில் தேன் இல்லை. தேன் இருப்பதுபோல் காட்டி, அனுபவமில்லாத வண்டுகளையும் தேனீக்களையும் வரவழைத்து, அவற்றின் தேடலிலேயே மகரந்தத்தை இடம் மாற்றிக்கொள்கிறது இந்தப் பூ. ஏமாந்த பூச்சி விரைவில் கற்றுக்கொள்ளும். அதனால் காட்டுச் செடிகளில் பூத்ததில் மிகச் சில பூக்களே காயாகின்றன. காய் ஆனவை இரட்டைக் குச்சிகளாக நீண்டு, காய்ந்து வெடித்து, பட்டுக்குஞ்சம் கட்டிய விதைகளைக் காற்றில் விடும். இலைக்கு அவ்வளவு செலவழித்த செடி, பூவின் தேனில் சிக்கனம் பிடிக்கிறது.

மாலைக்குள் வந்த கதை

மனிதர் இந்தப் பூவுக்கு நெடுங்காலமாக மயங்கியிருக்கிறார்கள். ரோமப் பேரரசி லிவியாவின் மாளிகைச் சுவரில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வரைந்த தோட்ட ஓவியத்தில் அரளி பூத்து நிற்கிறது. ஜப்பானில் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவின் இடிபாடுகளில் முன்னதாகப் பூத்த செடிகளில் ஒன்று என்பதால், அந்த நகரம் அரளியைத் தன் மலராக ஏற்றிருக்கிறது.

நம்மிடம் அதன் உறவு இன்னும் சிக்கலானது. மணிமேகலையில் புகார் நகர வீதியில் திரியும் பித்தன் கணவீர மாலையும் எருக்க மாலையும் அணிந்து வருகிறான். சூத்ரகரின் மிருச்சகடிகத்தில் கொலைக்களத்துக்கு இட்டுச் செல்லப்படும் சாருதத்தனின் கழுத்தில் இருப்பதும் கரவீர மாலைதான். ஊரின் ஒழுங்குக்கு வெளியே போனவனின் அடையாளம் அது. அதே பூ காளிக்கும் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் உகந்தது. திருவாரூர் பக்கத்தில் கரவீரம் என்று இந்தச் செடியின் பெயரையே ஊர்ப்பெயராகக் கொண்ட பாடல் பெற்ற தலம் இருக்கிறது. அலரிதான் அங்கே தலமரம். சாவின் எல்லையிலும் சாமியின் சந்நிதியிலும் ஒரே பூவை வைத்த முன்னோர், அதன் அழகையும் ஆற்றலையும் சேர்த்தே அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளையில் கட்டும் மாணிக்கமாலையை ஒருமுறையாவது கையில் ஏந்திப் பார்க்க வேண்டும். செவ்வரளி, வெள்ளரளி இதழ்களை ஒவ்வொன்றாக மடித்து, நடுநடுவே நொச்சி இலையை வைத்து, நாரால் பின்னிப் பின்னிப் பாய்போலத் தட்டையாகக் கட்டுவார்கள். மடிந்த சிவப்பு இதழ், பதித்த மாணிக்கக் கல்போலவே தெரியும். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அரளி இதழின் தடிப்பும் வாடாத் தன்மையும் இல்லாவிட்டால் அந்த மடிப்பு நிற்காது.

மாலைக்கும் அர்ச்சனைக்கும் அரளி தகும். வாய்க்குப் போகும் எதிலும் அது சேரக் கூடாது. 2024 மே மாதம் கேரளத்தில் ஓர் இளம்பெண்ணின் மரணத்துக்கு அரளி காரணமாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தபோது, திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்தியது. சரியான முடிவு. தீர்த்தக் கிண்ணத்திலும் பிரசாதத் தட்டிலும் துளசியும் தாமரை இதழும் இருக்கட்டும்; அரளி மாலையிலேயே நிற்கட்டும்.

வயலில் அரளி

சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் அரளி ஒரு முழுநேரப் பயிர். பொழுது விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பெண்கள் வரிசைக்குள் நுழைவார்கள். விரிந்த பூவைப் பறிப்பதில்லை. நாளை விரியப்போகிற மொக்கைத்தான் பறிப்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்படியில் போய் ஒரு சொடுக்கு. மொக்கு மடியில் விழும். மொக்கு நிலையில் இதழின் பரப்பு மூடியிருப்பதால் ஈரம் குறைவாகவே போகும். மண்டிக்குப் போய், மாலையாகி, சந்நிதி சேரும்போது பூ விரியும்.

அரளி வளர்க்க விதை தேவையில்லை. அடுக்கரளியில் விதை பிடிப்பதே அரிது. பென்சில் பருமனுள்ள முற்றிய கிளையை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, அடி இலைகளைக் களைந்து, இரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகும்படி நட்டால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். வெறும் தண்ணீர்ப் பாட்டிலில் வைத்தால்கூட வேர் விடும். ஆற்றங்கரைச் செடியின் பழக்கம் அது. ஜூன், ஜூலை மழையோடு, செடிக்குச் செடி ஆறடி இடைவெளி விட்டு, குழியில் தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து போட்டு நட வேண்டும். செம்மண், கரிசல், ஓரளவு உவர் மண் எதுவானாலும் வளரும். நீர் தேங்கும் களிமண் மட்டும் ஆகாது. வெயில் நாள் முழுக்கப் பட வேண்டும். நிழலில் வைத்தால் செடி ஒல்லியாக உயர்ந்துபோகுமே தவிர, பூ வராது.

வறட்சி தாங்கும் செடி என்பதால் தண்ணீரே வேண்டாம் என்று எண்ணிவிடக் கூடாது. உயிர் பிழைக்கக் கொஞ்சம் ஈரம் போதும். தினமும் பூ எடுக்க முறையான பாசனம் வேண்டும். இங்கே சொட்டுநீர் நல்ல பலன் தரும்.

கவாத்து செய்வதில்தான் விளைச்சலின் சூட்சுமம். அரளியில் இலைகள் பெரும்பாலும் ஒரு கணுவுக்கு மூன்றாகச் சுற்றி நிற்கும். ஒவ்வோர் இலையின் கக்கத்திலும் ஒரு மொட்டு உறங்குகிறது. நுனியை வெட்டினால் அந்த மூன்றும் விழித்து மூன்று கிளைகளாகும். பூங்கொத்து புதுக்கிளையின் நுனியில்தான் வரும் என்பதால், ஒரு வெட்டு மூன்று கொத்தாகப் பெருகும். ஆண்டுக்கு ஒருமுறை பூ குறையும் காலத்தில் கவாத்து செய்து உரமிட்டால் செடி பல ஆண்டுகள் தளராமல் பலன் தரும்.

வெட்டும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாறு கண்ணில் பட விடாதீர்கள். வெட்டிய கிளையை எரிக்கக் கூடாது, புகையும் நஞ்சு. ஆடு மாடு வரும் இடத்தில் குவிக்கவும் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுவதே பாதுகாப்பு. அசுவினியும் மாவுப்பூச்சியும் வந்தால் முதலில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பிறகு வேப்பெண்ணெய்க் கரைசல்.

சாலையின் நடுவே

நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டு ஒரு செடிக்கு எப்படிப்பட்ட இடம் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தார் கக்கும் அனல். ஆழமில்லாத மண். லாரிப் புகை, புழுதி, எப்போதாவது வரும் தண்ணீர் லாரி. வளைந்து வளைந்து அடிக்கும் காற்று. காட்டாற்றுப் படுகையின் கல்லுக்கும் வெயிலுக்கும் பழகிய செடிக்கு இது புதிய சோதனை இல்லை. மேயும் விலங்குகள் தொடாததால் வேலி வேண்டாம். அடர்ந்த பசுமை எதிர்வரும் வண்டியின் முகப்பு விளக்கைத் தடுத்து ஓட்டுநரின் கண்ணைக் காக்கிறது. தூசியை இலை பிடித்து வைக்கிறது. இலையைக் காக்க அரளி சேர்த்த எல்லாக் குணமும் நமக்குச் சாலையில் பயன்படுகிறது.

எனினும் ஒரே செடியை மைல் கணக்கில் நடுவதில் ஆபத்து இருப்பதைக் கலிஃபோர்னியா காட்டியது. அங்கும் நெடுஞ்சாலைகளின் நடுவே அரளிதான். 1990களின் தொடக்கத்தில் இலை ஓரங்கள் தீய்ந்து செடிகள் சாகத் தொடங்கின. சைலெல்லா என்ற பாக்டீரியா, சாறுறிஞ்சும் பூச்சி வழியே செடிக்குச் செடி பரவி, நீர் போகும் குழாய்களை அடைத்துவிட்டது. எந்த வறட்சிக்கும் அசையாத அரளி, தன் குழாய்க்குள் வந்த எதிரிக்குத் தோற்றது. நம் சாலைகளிலும் அரளியோடு வேறு செடிகளையும் கலந்து நடுவது அறிவு. பள்ளிக்கூட வாசலிலும் குழந்தைகள் விளையாடும் பூங்காவிலும் அரளியைத் தவிர்ப்பதும், மேய்ச்சல் நிலத்தை ஒட்டி நடாமலிருப்பதும் அதே அறிவின் பகுதிதான்.

அதற்காக அரளியைக் கண்டாலே வெட்டியெறியச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது யாரையும் தேடி வந்து கடிக்கிற செடி இல்லை. தன் இலையைக் கோடை முழுக்கக் காப்பாற்றிக்கொள்ள அது கொடுத்த விலைதான் நாம் நஞ்சு என்று சொல்வது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டால் அவர்கள் பயப்படவும் மாட்டார்கள், அலட்சியமாக வாயில் வைக்கவும் மாட்டார்கள்.

ஓர் அரளி இலையை மெதுவாகப் புரட்டி, ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுத்து, அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நரம்புகளுக்கு இடையே வெளிறிய புள்ளிகள் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குகை வாசல், அதற்குள்ளிருந்துதான் செடி மூச்சுவிடுகிறது என்று சொல்லுங்கள். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவி வரச் சொல்லுங்கள்.